ஸ்டில் கேன்ட்

இங்கிலீஷ்ல இந்த 'ஸ்டில்'லை எங்க வைக்கிறதுன்னு எனக்கு ரொம்ப நாளா குழப்பம் மக்களே. 'கேன்' வந்தா அதுக்குப் பின்னாடி வரணும்: 'ஹி கேன் ஸ்டில் வாக்'. 'கேன்ட்' வந்தா முன்னாடி: 'ஹி ஸ்டில் கேன்ட் வாக்'. தமிழ்ல ரெண்டுக்கும் 'இன்னும்'தான். இன்னும் நடக்க முடியுது, இன்னும் நடக்க முடியலை. அம்புட்டுதான்.

முன்னாடி முடிஞ்சது, இனிமே முடியாதுன்னா அது வேற. 'ஹி கேன் நோ லாங்கர் வாக்'. இல்லாட்டி 'ஹி கேன்ட் வாக் எனி மோர்'.

போன மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கால் விழுந்துடுச்சு. இனிமே நடக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். லண்டன்ல இருக்கிற அக்கா பொண்ணுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால இங்கிலீஷ்ல மெயில் போட்டேன்: 'தாத்தா ஸ்டில் கேன்ட் வாக்'. இலக்கணம் சரியா இருக்குன்னு ஒரு பெருமை வேற :-)

உடனே பதில் வந்துச்சு. "அப்போ எப்போ நடப்பார் மாமா? லீவுக்கு வரும்போது பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அப்பதான் உறைச்சது. 'ஸ்டில் கேன்ட்'டுக்குள்ள ஒரு காத்திருப்பு இருக்கு. இன்னிக்கு இல்லாட்டியும் நாளைக்கு நடப்பார்ங்கிற மாதிரி. 'நோ லாங்கர்' கதவையே சாத்திடுது. திருத்தி எழுத உட்கார்ந்தேன். அடிச்சேன், அழிச்சேன்.

"என்னடா எழுதுற?"ன்னார் அப்பா, வாய் குழறி.

"நீங்க இன்னும் நடக்கலைன்னு எழுதினேன்ப்பா."

"இன்னும்னுதானே போட்டே? இருக்கட்டும்."

அப்படியே விட்டுட்டேன்.