இருட்டறைக் கைகள்

ஃபிலிமில் படம் எடுப்பது பாதி வேலை. கழுவிப் பிரின்ட் போடுவது மறுபாதி. வீட்டுக் குளியலறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஃபிலிம் கழுவப் பழகிய எனக்கு, அதையே தொழிலாகச் செய்தவர்களிடம் நேரில் பார்த்துக் கற்க ஆசை. அப்படித்தான் கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குப் போனேன். எழுபது வயதைக் கடந்த உரிமையாளர் இப்போது டிஜிட்டலில் பாஸ்போர்ட் படம்தான் எடுக்கிறார். ஆனாலும் இருட்டறையை அவர் கலைக்கவில்லை.

முதலில் மருந்து கலக்கினார். 1920-களில் கோடாக் உருவாக்கிய டி-76 சூத்திரம் அவருக்கு மனப்பாடம். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. “மெட்டாலை முதல்ல கரைச்சிடணும் தம்பி. சல்பைட்டை மொத்தமா கொட்டிட்டா அப்புறம் அது கரையாது” என்றார். இல்ஃபோர்டு எச்பி5 ஃபிலிமுக்கு இந்த மருந்தை நேராகப் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்த 20 டிகிரிக்கு எங்கே போவது? மருந்துத் தட்டைப் பெரிய தட்டில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கினார். சூடு ஏறினால் ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் இளகும். நகம் பட்டாலே கீறிவிடும்.

டாங்க் இல்லாத காலத்தில் ஃபிலிமைக் கழுவிய விதத்தையும் செய்து காட்டினார். சுருளின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதி தட்டிலுள்ள மருந்தில் தோயும்படி ஏற்றி இறக்குவார்கள். பழைய ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கு போடலாம். எல்லா நிறமும் பதியும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் வந்த பிறகு முழு இருட்டு. நிமிடக் கணக்கை வாய்க்குள்ளேயே எண்ணியபடி மணிக்கணக்கில் நின்ற கைகள் அவை.

பிறகு பிரின்ட் போடச் சிவப்பு விளக்கு. என்லார்ஜரில் ஒரு கல்யாணப் படத்தின் நெகட்டிவ். பேப்பர்த் துண்டு ஒன்றை அட்டையால் மறைத்து, நான்கு நான்கு விநாடியாக நகர்த்தி டெஸ்ட் எடுத்தார். பன்னிரண்டு விநாடிப் பட்டை சரியாக இருந்தது. முழுப் பேப்பரை வைத்தபோது, மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிடாமல் இருக்க, கம்பி முனையில் ஒட்டிய சிறு அட்டையை வெளிச்சத்தின் குறுக்கே மெல்ல ஆட்டினார். கையை ஒரு கணம் நிறுத்தினாலும் அட்டையின் விளிம்பு படத்தில் விழுந்துவிடும். மருந்தில் அந்தப் பேப்பர் கிடந்த இரண்டு நிமிடமும் அவர் பேசவே இல்லை.

டச்சிங் வேலை பார்த்தவர் அவருடைய தம்பி. சாய்மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டு, பிளேடால் ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வைத்தார். முகச் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரின்ட்டில் அந்த இடம் வெளுத்துச் சுருக்கம் மறையும். “அளவு தாண்டிட்டா ஆளே மாறிடுவாரு. சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரியணும்ல?” என்றார். இன்று மென்பொருள் செய்யும் வேலைக்கு அவர் வைத்திருந்த வரம்பு அது.

அலமாரியில் ‘இந்து’ என்ற பெயருடன் காலி பேப்பர் பெட்டி ஒன்று இருந்தது. 1960-இல் நிறுவப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் பொதுத்துறை ஆலை தயாரித்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று என் போன்றவர்கள் இறக்குமதிச் சுருளைத்தான் நம்பியிருக்கிறோம்.

பொருள் எப்படியோ கிடைத்துவிடுகிறது, ஆனால் படங்கள்? நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. அந்த வெள்ளிக்காகவே பல ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் எடைக்குப் போய்க் கரைக்கப்பட்டன. “எங்களையும் கேட்டாங்க. மனசு வரல” என்றார் பெரியவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறது. நல்ல பணி. ஆனால் அட்டையை ஆட்டும் வேகத்தையும் பென்சில் அழுத்தத்தையும் ஸ்கேனரில் பதிய முடியாது. அவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும்.

ஃபிலிமில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணொளிகளைப் பாருங்கள், தவறில்லை. அதோடு உங்கள் ஊரில் பழைய ஸ்டூடியோ எங்கே என்று விசாரியுங்கள். அங்கே இருட்டறையில் வேலை பார்த்தவர் இருந்தால், ஒரு சுருள் ஃபிலிமோடு போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள். வீட்டுப் பரணில் நெகட்டிவ் கிடந்தால் எடைக்குப் போடாமல், காகித உறையில் இட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.