கேட் திறந்திருக்கா?

மணிப்பூரின் கடைக்கோடியில் மோரே என்றொரு ஊர். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு, தமிழ்ச் சங்கம் உண்டு, காலையில் இட்லியும் கிடைக்கும். எர்ணாவூர், வியாசர்பாடிப் பக்கத்துப் பர்மாத் தமிழர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. எங்களில் பலருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கொஞ்ச காலத்தில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ரங்கூனில் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அப்பா வடசென்னையிலேயே தங்கிவிட்டார். சித்தப்பாவுக்கு இங்கே மனசு ஒட்டவில்லை. அவரைப் போலப் பலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் மறித்துவிட்டார்கள். திரும்பி வர மனமில்லாமல் மோரேயிலேயே குடிசை போட்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமு என்ற பர்மிய ஊர், நடக்கிற தூரம்தான். மோரேக்குப் போன் பண்ணினால் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் 'கேட் திறந்திருக்கா?' என்றுதான் கேட்போம். எல்லைக் கேட் திறந்திருந்தால்தான் வியாபாரம்.

அந்தக் கேட்டின் சாவி தில்லியிடம். 1988இல் பர்மா ராணுவம் மக்களைச் சுட்டபோது, தில்லி போராடியவர்கள் பக்கம் நின்றது. ஓடி வந்தவர்களுக்கு முகாம் அமைத்தது. பிறகு ஆங் சான் சூச்சிக்கு நேரு விருதும் அறிவித்தது. ஆனால் ராணுவத்தை ஒதுக்கினால் சீனா உள்ளே வருகிறது, வடகிழக்கின் ஆயுதக் குழுக்களுக்கு எல்லைக் காடு புகலிடமாகிறது. கணக்கு மாறியது. 1994இல் எல்லை வணிக ஒப்பந்தம், 1995 ஏப்ரலில் மோரேயில் வணிகம் தொடக்கம். 2001இல் தமுவிலிருந்து கலேம்யோ வரை இந்தியாவே சாலை போட்டுக் கொடுத்தது. எல்லையோர மக்கள் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டையும் 2018இல் ஒப்பந்தமாக எழுதினார்கள். சித்தப்பா மகன் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கினான். "அண்ணே, இனிமே ரோடு பாங்காக் வரைக்கும்" என்றான். போடா, எதற்கும் இம்பாலில் ஒரு தொழிலைப் பார்த்து வை என்றேன். கிழவன் பேச்சு, யார் கேட்பார்கள்?

2020இல் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் பர்மாவில் மறுபடியும் ராணுவ ஆட்சி. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் இனச் சண்டையில் மணிப்பூர் எரிந்தபோது, அந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத தமிழர் வீடுகளும் மோரேயில் எரிந்தன. 2024 பிப்ரவரியில், 16 கிலோமீட்டர் ஏற்பாடு ரத்து, 1,643 கிலோமீட்டர் எல்லைக்கும் வேலி என்று தில்லி அறிவித்தது.

சீனா மட்டும் என்ன வாழ்கிறது? 2024இல் பர்மாவின் லாஷியோ நகரைக் கிளர்ச்சிப் படை பிடித்தது. சீனா நெருக்கி, 2025 ஏப்ரலில் அதை ராணுவத்திடமே திருப்பிக் கொடுக்க வைத்தது. பெரிய நாடுகளுக்கு எல்லைப்புறம் ஒரு பேரேடு மாதிரி. அதில் எல்லைவாசிகளுக்கென்று தனிப் பக்கம் கிடையாது. கேட்டைத் திறந்தபோது நம்மை நினைத்துத் திறக்கவில்லை. மூடும்போது நம்மிடம் கேட்கவும் இல்லை.

அப்பா இதை எப்படியோ புரிந்துவைத்திருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை. நூடுல்ஸும் முட்டைகோஸும் வறுத்த பூண்டும் போட்டுப் புளித்தண்ணி ஊற்றிக் கையாலேயே பிசைந்து கொடுப்பார். தாயகம் திரும்பியோர் அட்டையையும் கப்பல் சீட்டையும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். மழையில் குடிசை ஒழுகினால் முதலில் நகர்த்துவது அந்தப் பெட்டியைத்தான். அரிசிப் பானை அப்புறம்தான். அம்மா திட்டுவாள்.

2024 டிசம்பரிலிருந்து எல்லை தாண்டப் புது விதி: 10 கிலோமீட்டர் வரைதான், பாஸ் வாங்க வேண்டும், ஏழு நாள் தங்கலாம். பாஸுக்குக் குடியிருப்புச் சான்று கேட்கிறார்கள். வீட்டோடு சேர்த்துக் காகிதத்தையும் நெருப்பில் பறிகொடுத்தவர்கள் எங்கே போவார்கள்? மோரேயில் சொந்தம் உள்ளவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போன் பண்ணுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, நிலப் பத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் முகவரிக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.