செவலையின் இரத்தத்தில் ஒரு துளி

உலகம் வெப்பமாகி வருகிறது என்றால் உருகும் பனிப்பாறைகளைத்தான் நினைக்கிறோம். முடிச்சூரில் எங்கள் தெருவைச் சுற்றும் செவலை என்னும் நாயை யாரும் நினைப்பதில்லை.

சென்ற ஆண்டு அதன் விலாவில் சுண்டைக்காய் அளவில் இரண்டு கட்டிகள் தோன்றின. வெறி பிடிக்கப்போகிறது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றனர் தெருவார். என் அம்மா மூன்று வருடமாய்ச் சோறு வைக்கும் நாய் அது. நானும் நண்பனும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். விலங்கியல் மாணவன் என்றதும், ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நம் ஆய்வுக்கூடத்தில் சாயமேற்றிய செத்த புழுக்களையே பார்த்தவன் நான். இங்கே சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மயிரிழை போன்ற ஒன்று உயிரோடு நெளிந்தது!

"டைரோஃபைலேரியா. பெரும்பாலும் ரெப்பென்ஸாக இருக்கும்" என்றார். யானைக்கால் புழுவின் உறவு. தாய்ப்புழு தோலடியில் வாழும். குஞ்சுகள் இரத்தத்தில் திரியும். கொசு அவற்றை உறிஞ்சி அடுத்த நாய்க்குக் கொண்டுபோகும். இதன் உடன்பிறப்பான இம்மைட்டிஸ், நாயின் இதயத்திலேயே குடியேறிவிடும்.

இதில் வெப்பத்திற்கு என்ன வேலை? குஞ்சு கொசுவின் உடலில் வளர்ந்தால்தான் தொற்றும். 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவ்வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலுள்ள டிகிரிகளை நாள்தோறும் கூட்டிவந்தால் 130 சேரவேண்டும் என்பது அறிஞர் கணக்கு. சராசரி 20 டிகிரி என்றால் ஏறத்தாழ 22 நாள். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் மாண்டுவிடும். இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி போன்ற தென்பகுதிகளில் வேரூன்றியிருந்த நோய், கோடைகள் சூடேறியதாலும் நாய்களின் பயணத்தாலும் ஹங்கேரி, போலந்து வரை சென்றிருக்கிறது.

தாம்பரத்தின் கதை வேறு. நம் மார்கழியிலும் சராசரி 25 டிகிரி. 12 நாளில் கணக்கு முடிந்துவிடும். அங்கே புதிதாய்த் திறந்த கதவு இங்கே என்றுமே மூடியதில்லை. ஆகவே எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போட நான் உடன்படேன். வெயில் மிக ஏறினால் கொசுவுக்கே ஆயுள் குறையும். நமக்கு வினையாவது தண்ணீர். சூடேறும் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. வெள்ளம் கொசுப்புழுவை அடித்துச் சென்றுவிடும். வடிந்தபின் காலி மனைகளில் தேங்குவதே அதற்குத் தொட்டில். மழையில்லாத மாதங்களில் கழிவுநீர்த் தொட்டி இருக்கவே இருக்கிறது.

"நாய்க்கு வந்தா நமக்கென்னடா?" என்றாள் அம்மா. கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே இப்புழுவை எடுத்திருக்கிறார்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது; செவலையை விரட்டும் பேச்சு மீண்டும் கிளம்பியது. நாய் தொட்டு வருவதில்லை, கொசு கடித்தே வருவது என்று வீடுவீடாய்ச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் பாடத்தைத் தெருவார் கேட்டது அன்றுதான்.

அப்பா கொத்தனார். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் வலைத்துணி கட்டினால் கொசு ஏறாது என்றதும், மறுநாளே எங்கள் வீட்டில் கட்டினார். இப்போது வேலைசெய்யும் வீடுகளிலும் கட்டுகிறார்; கூலி கேட்பதில்லை. செவலைக்கு மருத்துவர் சொன்னபடி மாதம் ஒரு மாத்திரை. இட்லிக்குள் வைத்துக் கொடுக்கிறோம். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறது.