பதினாலு சிவப்பு, பதிமூணு வெள்ளை

முதலாமாண்டு வேதியியலில் நான் வைத்த அரியர் நம் துறையில் பலருக்கும் தெரியும். இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. மூன்றாம் முறையும் போனால் டிப்ளமோ கைக்கு வருமா என்ற பயத்தில் இருந்தபோதுதான் வேதியியல் சார் என்னைக் கூப்பிட்டார். என் நோட்டில் இருந்த சோடியம் குளோரைடு படத்தில் விரலை வைத்தார்.

"ஏம்ப்பா, இந்த சோடியத்துக்கு ஜோடி எந்தக் குளோரின்?"

"பக்கத்துல இருக்கறதுங்க சார்."

"பக்கத்துல ஆறு இருக்கே?"

என்னிடம் பதில் இல்லை. "மனப்பாடம் பண்ணாத. செஞ்சு பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு வீட்டில் களிமண் உருட்ட உட்கார்ந்தேன். வரிசைக்கு மூன்று, அடுக்குக்கு மூன்று வரிசை, மொத்தம் மூன்று அடுக்கு: ஆக 27 உருண்டைகள். சிவப்பு குளோரைடு, வெள்ளை சோடியம். ஒன்று விட்டு ஒன்றாக ஈர்க்குச்சியில் கோத்து நிறுத்தினேன். "என்ன கண்ணு, கொலு வைக்கறியா?" என்றார் அப்பா.

எண்ணிப் பார்த்தால் சிவப்பு 14, வெள்ளை 13! உப்பில் இரண்டும் சரிசமம் என்றல்லவா பாடம்? ஒரு சிவப்பு மட்டும் துணையில்லாமல் நின்றது. பிரித்து, மூலையில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இப்போது வெள்ளை 14, சிவப்பு 13. இந்த முறையும் கோட்டைதான் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் முதலில் செய்தபடியே மாற்றிக் கோத்து எடுத்துப் போனேன். சார் சிரித்தார்.

"நீங்க லைன் வீட்டுல தானே குடியிருக்கீங்க? நடுச்சுவர் யாருது?"

"பாதி எங்களுது, பாதி பக்கத்து வீட்டுதுங்க சார்."

"கணக்கே அதுதான்!"

இந்தப் பெட்டி தனியாக நிற்பதில்லை. எல்லாப் பக்கமும் இதே போன்ற பெட்டிகள் ஒட்டி நிற்கின்றன. மூலை உருண்டை எட்டுப் பெட்டிகளுக்குப் பொது. முகத்தின் நடுவில் இருப்பது இரண்டுக்கு. விளிம்பில் இருப்பது நான்குக்கு. மையத்தில் இருப்பது முழுக்க நம்முடையது. சிவப்பு: மூலைகள் 8-இல் எட்டில் ஒரு பங்கு, முகங்கள் 6-இல் பாதி; 1 + 3 = 4. வெள்ளை: விளிம்புகள் 12-இல் கால் பங்கு, மையம் ஒன்று; 3 + 1 = 4. சரிசமம்!

அப்போதுதான் புரிந்தது. உப்புக்கட்டியில் ஜோடி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டை வீட்டார், அவ்வளவுதான். 1913-இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களால் இதைக் கண்டு சொன்னார். 1915-இல் தந்தையோடு நோபல் பரிசைப் பகிர்ந்தபோது அவருக்கு வயது 25. ஆனால் 1927-இல்கூட ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், இந்தச் சதுரங்கப் பலகை அமைப்பை ஏற்க முடியாது என்று 'நேச்சர்' இதழில் எழுதினாராம். அவருக்கே குழப்பம் என்றால் எனக்கு வந்ததில் என்ன வியப்பு?

எல்லா உப்புக்கும் இதே அடுக்கு இல்லை. சீசியம் அயனி பெரியது. அதைச் சுற்றி எட்டுக் குளோரைடுகள் நிற்கும். ஆனால் மக்னீசியம் ஆக்சைடுக்கு சாப்பாட்டு உப்பின் அடுக்கேதான். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பது அதுதானே! அப்பா ஆயுசெல்லாம் வேலை பார்த்தது அந்தச் சூளையில்தான்.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். நம்பவில்லை.

"உப்பும் அதுவும் ஒண்ணா? எத்தனை வருசமா வேக வெச்சிருக்கேன், ஒருநாளும் உருகிப் பாத்ததில்லையே."

அடுக்கு ஒன்றுதான், மின்சுமை வேறு. உப்பில் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. இதில் இரண்டும் இரண்டும். இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு. அயனிகளும் இன்னும் நெருங்கி நிற்பதால், பிடிப்பு நாலு மடங்குக்கும் மேல். உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இதற்குச் சுமார் 2,800 வேண்டும். அதனால்தான் உருகிய எஃகு கொதிக்கும் உலைக்கு உள்பூச்சு இந்தச் செங்கல்.

அப்பா களிமண் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையா நான் சுட்டுட்டு இருந்தேன்!" என்றார்.

மூன்றாம் முறை தேறிவிட்டேன். மதிப்பெண்ணைச் சொன்னால் சிரிப்பீர்கள். அரியரோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: படத்தைப் பார்த்து வரையாதீர்கள், ஒருமுறை கையால் செய்து பாருங்கள். ஒன்று மிஞ்சினால் பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டையும் சேர்த்து எண்ணுங்கள்.