இராணியின் பாதரட்சைப் பணம்

நம் பங்குப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டிடத்திலிருந்தே தொடங்குகின்றனர். அடிக்கல் நாட்டிய ஆயர் யார், மாடி எழும்பிய ஆண்டு எது, நூற்றாண்டு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்பவையே விழா மலர்களின் பக்கங்களை நிரப்புகின்றன. கட்டிடமோ மிகப் பிந்தி வந்தது. முதலில் வந்தவர் ஆசிரியர். அவருக்கு யார் படியளந்தார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால், பள்ளியின் கதை வேறு விதமாகத் தெரியக் காண்கிறோம்.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் தமிழ் அறியார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் முயன்று செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளை அழைத்தார். 1544 சனவரியில் அவர் உரோமைக்கு எழுதிய மடலில் இச்செய்திகளைக் காணலாம். பிள்ளைகள் தாம் கற்றதை வீட்டிலுள்ளோருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு. ஆனால் அடுத்த ஊருக்கு அவர் போனபின் அப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் யார்? இதற்காகவே ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்தார். எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் அவர். பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பிப்பதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் கடமை.

அவருக்கு ஊதியம்? அந்நாளில் இக்கடற்கரை செலுத்திய திறைப் பணத்தில் ஆண்டுக்கு 4000 பணம், போர்த்துகல் நாட்டு அரசி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகை கணக்கப்பிள்ளைமாரின் ஊதியத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. விண்ணகம் ஏறுவதற்கு இக்கரைப் பிள்ளைகளைவிடச் சிறந்த பாதரட்சை அரசிக்குக் கிடையாது என்ற கருத்தில் சவேரியார் அவருக்கு எழுதினார் என்பர். இதனை அரசியின் தருமம் என்று புகழ்வோர் உண்டு. நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிய பரதவரின் உழைப்பன்றோ அப்பணம்? லிஸ்பனுக்குப் போகவிருந்தது அவர்கள் பிள்ளைகளிடமே திரும்பி வந்தது, அவ்வளவே.

அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ், இந்தக் கணக்கப்பிள்ளைமாரின் கையில் புத்தகத்தையும் கொடுத்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். ஞானோபதேசம் கற்பிக்க எழுந்த அச்சிறு நூலே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் வரிசையில் நிற்கிறது.

மதுரையின் கதை இன்னும் சுவையானது. 1595 முதல் அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாந்தஸ் ஒரு சிறு பள்ளி நடத்திவந்தார். அதில் கற்பித்த ஆசிரியர் ஓர் இந்து. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகருடன் அந்த ஆசிரியர் நாள்தோறும் மணிக்கணக்காகச் சமய வாதம் நடத்தினார் என்பது வரலாறு. பள்ளி நம்முடையது, ஆசிரியரோ நம் மறையினர் அல்லர். இதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

இடைக்காலத்தை விரைந்து கடப்போம். உபதேசியாரே வாத்தியாராக இருந்த காலம் நெடியது. கோவிலே பள்ளிக்கூடம், பீடத்தின் முன் திரையை இழுத்துவிட்டால் வகுப்பு தொடங்கிவிடும். அறுவடையில் சிறிது நெல், மீன்பாட்டில் சிறிது பங்கு என்று மக்களே அவரைக் காத்தனர். அக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்தனர் என்று எழுத நமக்குத் துணிவில்லை. வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் வந்தது. மானியத்துடன் ஆய்வாளரும் பதிவேடுகளும் வந்தனர். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. காலை உணவுத் திட்டம் 2024 சூலை 15 அன்று ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிக்கப்பட்டபோது, அது தொடங்கிவைக்கப்பட்ட இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. இன்று ஆசிரியரின் சம்பளம் அரசினுடையது. கூரையும் சுவரும் மட்டுமே பங்கினுடையவை.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. நாம் தாளாளராயிருக்கும் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து முப்பது பிள்ளைகள் தேறவில்லை. ஆகஸ்டு முதல் நாள் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுவதால், அதற்கு முன்பே தலைமையாசிரியைச் சகோதரி வீடு வீடாக ஏறி இறங்குகிறார். பங்கு மக்களின் பிள்ளைகளோ காலையில் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விடுகின்றனர். எஞ்சி வருவோர் செங்கல் சூளைக் குடும்பத்துப் பிள்ளைகளும், வேன் கட்டணம் கட்ட இயலாதவர்களின் பிள்ளைகளுமே.

பேரவையில் மூத்தவர் ஒருவர் எழுந்து வெளிப்படையாகவே கேட்டார்: “சாமி, வாத்தியாருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்குது. படிக்கிறதுல முக்கால்வாசி நம்ம பிள்ளைக இல்ல. ஓடு மாத்துற செலவு மட்டும் நமக்கு எதுக்கு? இடிச்சிட்டு ஒரு கல்யாண மண்டபம் கட்டினா கோயிலுக்கு வருமானமாவது வரும்.”

அப்பள்ளியிலேயே ஐந்தாவது வரை படித்தவர் அவர். அவருக்கு மதுரைப் பள்ளியின் கதையைச் சொன்னோம். ‘நம்ம பிள்ளைக’ என்ற கணக்கைத் தொடக்கத்திலேயே பார்த்திருந்தால், அப்பள்ளி நடந்திருக்குமா என்றும் கேட்டோம். “அது பெரிய சாமிமார் காலம்” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “அண்ணாச்சி, உங்க காலத்துலயும் ரெண்டு தெரு தள்ளி இருந்து எல்லாரும்தானே வந்து படிச்சாங்க?” என்று நினைவூட்டினார். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. ஆயினும் அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். மழைக்காலத்துக்குள் கூரை மாற்றியாக வேண்டும்; பங்குக் கணக்கில் பணம் இல்லை. அரசு சம்பளம் தரும். சீமை ஓடு தராது.

முடிவாக நாம் ஒரு யோசனையை முன்வைத்தோம். திருவிழாவின் பத்தாம் நாள் வாணவேடிக்கைக்கென்று ஆண்டுதோறும் திரட்டப்படும் பணத்தில் பாதியை இவ்வாண்டு ஓட்டுக்குத் திருப்பிவிடலாம் என்றோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பெண்கள் பக்கமிருந்து சம்மதம் வந்தது. வாணவேடிக்கைப் பொறுப்பாளர்கள் மட்டும் இன்னும் இசையவில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மீண்டும் கூடுகிறோம்.