மேடையில் ஒரு மரணப் பாதை

பாடநூலில் போரைப் படிக்கும் மாணவர்க்கு ஆண்டுகள் நினைவில் நிற்கின்றன, மாண்டவர்கள் நிற்பதில்லை. பாஸ்கு பார்த்து வளர்ந்த நம் மக்களுக்கு இதன் காரணம் விளங்கும். திருப்பாடுகளை நாம் வாசித்து மட்டுமா அறிந்தோம்? பிலாத்துவின் முற்றத்தில் கூச்சலிட்ட கூட்டத்தில் ஒருவராய் நின்றும் அறிந்தோம். யாழ்ப்பாணத்தில் 1965இல் நீ. மரிய சேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம், போர் சூழ்ந்த காலத்திலும் திருப்பாடுகளை மேடையேற்றியது.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பயிலும் நம் இளையோர் இரண்டாம் உலகப்போர் பற்றி நாடகம் எழுத முன்வந்தபோது, சயாம்–பர்மா இரயில்பாதையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் அங்கே மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 90,000 பேர் என மதிப்பிடுவர். அவர்களுள் மிகப் பலர் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர்.

இந்த எண்கள் பிள்ளைகளை அசைக்கவில்லை. பிறகு ஒருவன் வகுத்துப் பார்த்தான்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 245 உயிர்கள். நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இராஜபாளையத்தில் இரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் 2,400க்கும் மேற்பட்ட மரணங்கள்! அதன்பின்தான் எழுத உட்கார்ந்தனர்.

முதற்படியில் வாளேந்திய ஜப்பானிய அதிகாரி ஒருவர்; அவரை அடித்து வீழ்த்தும் தமிழ் வீரன் ஒருவன். நம் திரைப்படங்கள் கற்பித்த நாடகம் அது. நாம் ஒன்று மட்டும் கேட்டோம்: தோட்டத்து மக்களை அழைத்தவர் எந்த மொழியில் அழைத்திருப்பார்? நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது இலவசத் திரைப்படம் என்று கூட்டி, வந்தவர்களைப் பிடித்துச் சென்றதும் உண்டு.

இரண்டாம் படியில் அதிகாரி மறைந்தார். தோட்டத்துக் கிராணியார் வந்தார். தன் தம்பியின் பெயரை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரன் பெயரைப் பட்டியலில் எழுதுகிறவர். பாஸ்குவில் யூதாசு வேடத்துக்கு ஆள் கிடைக்காததுபோல, இதற்கும் எவரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு மாணவன் ஏற்றான். அவனுடைய தாயார் நம்மிடம் வந்தார். “சாமி, எம்பிள்ளைக்கு ஏன் இந்த வேசம்?” நாம் வாய் திறப்பதற்குள் மகனே சொன்னான்: “யாராச்சும் எழுதித்தானேம்மா இருக்கணும்.”

இன்னொரு சிக்கல் எழுந்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக அடக்கம்பெற்றுள்ளனர். தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய வரிசைகள் இல்லை. அந்தப் பாதையை உலகறியச் செய்த 1957ஆம் ஆண்டு ஆங்கிலப் படம், தமிழர் வாழும் இலங்கையிலேயே எடுக்கப்பட்டது. அதிலும் அவர்களுக்கு இடமில்லை. அப்படியானால் மேடையில் எந்தப் பெயர்களைச் சொல்லுவது? புனைந்து வைக்க வேண்டாம், அவரவர் வீட்டு முன்னோர் பெயர்களையே கேட்டு வருவோம் என்றனர் பிள்ளைகள். கல்லறைத் திருநாளுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கலாம். வழிபாட்டில் நினைவு என்பது பழையதை எண்ணிப் பார்ப்பது மட்டுமன்று, அதை இன்று நம் நடுவே நிகழச் செய்வது என இறையியலார் விளக்குவர். பிள்ளைகள் அதைப் படிக்காமலே எட்டிவிட்டனர்.

பல வீடுகளில் பாட்டனாருக்கு அப்பால் பெயர் தெரியவில்லை. ஒரு மாணவி மட்டும், மலேயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன ஓர் உறவினரின் பெயரைக் கொண்டுவந்தாள். அதைக் கிராணியாராக நடிப்பவனே உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.