மீண்டு வந்த பத்துப் படங்கள்

கையகலத் திரையில் அழகாய்த் தோன்றுவது பெரிதாக்கிப் பார்க்குமிடத்தும் அவ்வாறே தோன்றும் என்று யாம் நெடுநாள் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை பிழையென்பதை எமக்கு உணர்த்தியது படவிற்பனைத் தளமொன்று. அவ்வரலாற்றை நம் கல்லூரி அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

படவிற்பனைத் தளங்களாவன, படம் எடுப்போர் அனுப்பும் படங்களைச் சோதித்துத் தொகுத்து வைத்து, வேண்டுவோர்க்குக் கட்டணத்திற்கு வழங்கி, அதில் ஒரு பங்கைப் படம் எடுத்தோர்க்கு அளிப்பனவாம். அவற்றுக்கு எம் கைப்பேசிப் படங்களுள் பத்தினைத் தெரிந்து அனுப்பினோம். ஆலயச் சாளரத்தில் மாலை ஒளி, தூக்கணாங்குருவிக் கூடு, மழையில் நனைந்த விடுதித் தாழ்வாரம் முதலியன அவற்றுட் சில. எல்லாவற்றினும் எமக்கு இனியது, ஆலய முற்றத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் அந்திப் படமே. அம்மரம் சென்ற ஐப்பசிப் புயலில் வேரோடு சாய்ந்தது. அதன் நிழலில் அமர்ந்து படித்தோர்க்கு அப்பிரிவின் துயர் சொல்லாமலே விளங்கும். வாட்ஸ்அப்பில் அப்படத்தைக் கண்ட நண்பர் பலரும் மெச்சினர்.

மூன்று நாளில் பத்தும் மீண்டு வந்தன! ஒன்றற்குக் குவியம் தவறியது என்றும், மற்றொன்றற்கு ‘நாய்ஸ்’ எனப்படும் புள்ளியிரைச்சல் மிகுதி என்றும், மரத்தின் படத்திற்குச் சுருக்கத்தால் விளைந்த பழுது என்றும் காரணங் காட்டியிருந்தனர். எமக்கு முதலில் தோன்றியது சினமே. இத்துணைப் பேர் புகழ்ந்த படத்தைக் கண்காணா ஒருவர் எங்ஙனம் பழிக்கலாம் என்று எண்ணினோம்.

அவ்வெண்ணத்துடனே பௌதிகப் பகுதியின் மூத்த ஆசிரியர் ஒருவரை அடைந்தோம். அவர் ஒன்றும் கூறாது, மரத்தின் படத்தை ஆய்வுக்கூடத்துக் கணினியில் முழு அளவில் விரித்துக் காட்டினார். அந்தோ! இலைகளென யாம் கருதியவை இலைகளாயில்லை. பசுஞ்சாந்து பூசினாற்போல் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. வானத்தில் வண்ண மணல் தூவினாற்போன்ற புள்ளிகள். கிளைகளின் ஓரமெங்கும் வெண்கோடு. இடையிடையே சிறு சிறு சதுரக் கட்டங்கள்.

“தம்பி, மழை பெய்யும்பொழுது முற்றத்தில் ஒரு தம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால், எதில் மிகுதியாக நீர் சேரும்?” என்று வினவினார்.

“அண்டாவில்தான், ஐயா.”

“ஒளியும் அத்தகையதே” என்று தொடங்கி அவர் விளக்கியதன் சுருக்கம் வருமாறு. பெரிய காமிராக்களின் ஒளியுணர் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கைப்பேசிகள் பலவற்றின் தகடோ ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டரே. ஆகவே பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் 36 மடங்காம். அந்தி வேளையில் அச்சிறு தகட்டின்மீது விழும் ஒளி மிகக் குறைவு. குறைந்த ஒளியில் ஏற்றத்தாழ்வு புள்ளிகளாய்த் தோன்றும். அப்புள்ளிகளை மறைக்கக் கைப்பேசி தானே படத்தை மெழுகிவிடுகின்றது. மெழுகுகையில் இலையின் நரம்பும் மறைந்துபோகின்றது. இழந்த கூர்மையை ஈடுசெய்ய ஓரங்களை மிகைப்படுத்துகின்றது. வெண்கோடு அதனால் வந்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுத்த குருவிக்கூடோ, உண்மையில் படத்தின் ஒரு மூலையை வெட்டி இழுத்ததேயன்றி வேறில்லை.

“இச்சதுரங்கள் யாவை, ஐயா?” என்று கேட்டோம்.

“ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்பொழுது, நெடுக்கில் 8, குறுக்கில் 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுத்தே சுருக்குவர். அளவு மீறிச் சுருக்கினால் கட்டங்கள் வெளிப்படும். இஃது எங்கிருந்தோ சுருங்கி வந்த படி. மூலப்படம் எங்கே?”

இவ்வினாவுக்கு யாம் தலைகுனிந்தோம். கைப்பேசியில் இடம் போதாமையால், நண்பர்க்கு அனுப்பிய மறுவாரமே மூலத்தை அழித்துவிட்டிருந்தோம். எஞ்சியது வாட்ஸ்அப்பில் சுருங்கி, நண்பரொருவரிடமிருந்து திரும்பிய படியே. இத்தகைய தளங்கள் பலவும் 40 இலட்சம் புள்ளிகளுக்குக் குறைந்த படத்தை ஏலா. ஆதலின், ஒரு செயலியைக் கொண்டு அப்படியை ஊதிப் பெருக்கி அனுப்பியிருந்தோம். மறுத்தவர் எம்மீது காழ்ப்புற்றாரல்லர். இல்லாததை உள்ளதாகக் காட்ட முயன்றவர் யாமே.

12 மெகாபிக்சல் படமொன்று, 4000 புள்ளி நீளமும் 3000 புள்ளி அகலமும் உடையதாயின், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிடுகையில் சுமார் 13 அங்குல நீளம் வரை தெளிவாய் நிற்கும். விலை கொடுத்துப் பெறுவோர் அதனைச் சுவரொட்டியாகவும் நூலட்டையாகவும் அச்சிடக்கூடும். அதுபற்றியே சோதிப்போர் முழு அளவில் நோக்குகின்றனர். அன்பர் திரையில் நோக்குவதோ உள்ளங்கை அளவில்.

நிற்க. அன்று தொட்டு எம் வழக்கம் மாறிற்று. சட்டைப்பையில் கிடந்த கைப்பேசியின் வில்லையில் விரல்ரேகை படிந்திருக்குமாதலின், மெல்லிய துணியால் முதலில் துடைக்கின்றோம். விரலால் பெரிதாக்காது காலால் நடந்து அணுகுகின்றோம். ஒளி குன்றிய வேளையில் கைப்பேசியைச் சுவர்மீது சார்த்தி, தானே இயங்கும் நேரங்குறித்து எடுக்கின்றோம். அனுப்புமுன் நான்கு மூலைகளையும் முழு அளவில் நோக்குகின்றோம். மூலப்படத்தை ஈரிடத்துச் சேமிக்கின்றோம். இவ்வாறு எடுத்த ஆறனுள் இரண்டு ஏற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, மரம் நின்ற இடத்தில் இவ்வாண்டு நட்ட கன்றின் காலைப் படம்.

ஆயினும் வீழ்ந்த மரத்தை மீண்டும் எடுக்க எக்கருவியாலும் இயலாது. பெறாத ஒளியைப் பின்னர்ப் படைத்தலும், அழித்த மூலத்தைப் படியினின்று மீட்டலும் கூடாதன. பழைய மாணவருள் எவரிடமேனும் அம்மரத்தின் மூலப்படம் இருக்குமாயின், அதனைச் சுருக்காமல் நம் கல்லூரி நூலகத்திற்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.

எம்மிடமுள்ள படியை உள்ளங்கை அளவில் அச்சிட்டு மேசைமேல் வைத்துள்ளோம். அவ்வளவில் அஃது அழகாகவே இருக்கின்றது. அதற்குமேல் பெரிதாக்க யாம் முயல்வதில்லை.